அறுபது வரைக்கும்தான்

அத்தியாயம் 14

காலை ஒன்பது மணிக்கு இன்குபேட்டரிலிருந்து தட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். சிவப்புக்கு நடுவே ஜன்னல் தெரிந்தது.

தெரியக் கூடாது.

அது ரத்தத் தட்டு. ஆட்டு ரத்தம் கலந்து கூழாக உறைய வைத்தது. அதன்மேல் கிருமியை ஒரு கோடாக இழுத்து, உடம்புச் சூட்டில் ஒரு நாள் முழுக்க வைத்திருப்போம். கிருமி சாது என்றால் தட்டு சிவப்பாகவே இருக்கும். முரடு என்றால் தன்னைச் சுற்றியிருக்கும் ரத்தத்தை உடைத்துக் கரைத்துவிடும். அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

என் கையிலிருந்த தட்டில், கோட்டுக்கு இரண்டு பக்கமும் பென்சில் அகலத்துக்குக் கண்ணாடி. அதன் வழியாக எதிர்ச்சுவர் ஜன்னலும், ஜன்னல் கம்பியில் காயப்போட்டிருந்த அண்ணனின் ரப்பர் கையுறையும் தெரிந்தன. ஐந்து விரலையும் விரித்து, யாரையோ அறையப் போகிற மாதிரி.

குழந்தைகளின் குடலுக்கு நல்லது செய்யும் கிருமியைப் பொறுக்கி எடுத்து மருந்தாக்குவது எங்கள் தொழில். அண்ணன் டேங்கில் வளர்ப்பான். நான் தட்டில் சோதிப்பேன். எட்டு மாதம் முன்பு வரை தம்பி எண் எழுதி அடுக்கிக்கொண்டிருந்தான். தாய்ப்பால் குடிக்கும் நாற்பது குழந்தைகளின் டயப்பரிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு கிருமிகளைப் பிரித்து எடுத்தோம். எல்லாரும் மூக்கைப் பொத்துகிற இடத்தில் நம் குடும்பம் மட்டும் மூக்கை நுழைக்கிறது என்பான் தம்பி.

அவற்றை அமிலத்தில் போட்டோம். பாதி செத்தன. பித்தத்தில் போட்டோம். மிச்சத்தில் பாதி செத்தன. குடல் சுவரில் ஒட்டாதவை, நோய்க்கிருமியோடு மல்லுக்கு நிற்காதவை என்று ஒவ்வொன்றாகக் கழித்தோம். கடைசியாக ரத்தத் தட்டு. அதிலும் தேறி நின்றது அறுபத்தெட்டாம் எண்.

அந்தத் தட்டில் தோற்றது எண்பத்தொன்பது. மற்ற எல்லாவற்றிலும் அதுதான் முதல். ரத்தத்தைக் காட்டியதும் குணம் தெரிந்துவிட்டது. தம்பி ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு பட்டப்பெயர் வைப்பான். நோட்டில் அறுபத்தெட்டுக்கு நேரே 'அப்பிராணி' என்று எழுதியிருந்தான். எண்பத்தொன்பதுக்கு நேரே 'அண்ணன்' என்று எழுதியிருந்தான். அண்ணன் அந்த நோட்டைப் படித்ததில்லை.

இந்த வாரம் டேங்கிலிருந்து இறங்கியவை அறுபத்தெட்டின் முதல் பாட்டில்கள். எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கானவை. மருத்துவமனையில் முதலில் கொடுத்துப் பார்க்க டாக்டர் இரண்டு குழந்தைகளைக் குறித்திருந்தார். அதில் ஒன்று தம்பியின் மகள். ஏழாம் மாதத்தில் பிறந்தவள். இன்றோடு ஒன்பது நாள். ஆயிரத்து நூறு கிராம். அவளும் ஒரு இன்குபேட்டரில்தான் கிடக்கிறாள்.

பாட்டில் வெளியே போவதற்கு முன் அதில் ஒன்றைத் திறந்து மறுபடி ரத்தத் தட்டில் பார்க்க வேண்டும். கடைசித் தட்டு என்போம். நான் சரி என்று சொல்லும்வரை ஒரு பாட்டிலும் வாசல் தாண்டாது.

தாண்டவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் நான் டேங்க் அறைக்கு நடந்தேன்.

*

அண்ணன் டேங்கின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே நீராவியைப் பாய்ச்சிக்கொண்டிருந்தான். மூடியை இறுக்கும் இரும்புக் கவ்விகள் தரையில் வரிசையாகக் கிடந்தன. தட்டை நீட்டினேன். நீராவியை நிறுத்திவிட்டுப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

ரத்தம் பழசாக இருக்கும் என்றான். என் கை பட்டுக் கெட்டிருக்கும் என்றான். மூன்று நாளாக மருத்துவமனைக்கும் இங்கேயுமாக அலைகிறேனாம், தூக்கமில்லாமல் எதையோ எதிலோ தேய்த்துவிட்டேனாம்.

வீட்டில் எனக்கு ஊமை என்று பேர். 'ஊமை ஊரைக் கெடுக்கும்' என்று அண்ணன் சாப்பிடும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பான். சண்டை வந்தால் நான் பேசுவது இரண்டே வார்த்தை: சரி, விடு. அந்த இரண்டு வார்த்தையில்தான் இந்த வீட்டுக் கூரை நின்றுகொண்டிருந்தது என்று நான் நம்பியிருந்தேன்.

ஃப்ரீசரிலிருந்து, மூலக் கிருமியை உறைய வைத்திருக்கும் தாய் டியூப்பை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தேன். அதிலிருந்து ஒரு துளி எடுத்துத்தான் அண்ணன் டேங்கில் விட்டிருந்தான்.

டியூப்பின் மூடி வட்டம். வட்டத்துக்கு மேல் கீழ் கிடையாது. அறுபத்தெட்டைத் திருப்பிப் பிடித்தால் எண்பத்தொன்பது. அதனால் எண்ணுக்கு அடியில் ஒரு கோடு போட வேண்டும் என்பது எங்கள் சட்டம். கோடு இருக்கிற பக்கம் கீழ்.

"கோடு கீழே இருக்கு. அறுபத்தெட்டு" என்றான் அண்ணன். "உனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?"

தெரிந்தது. கறுப்பு மை. தம்பியின் எழுத்து.

தம்பி இடக்கைக்காரன். எழுதும்போது அவன் கை எழுத்துக்கு மேலே வளைந்து நிற்கும். ஈர மையைக் கலைக்காமல் கீழே கோடு போட அவனுக்கு வராது. கையோடு எண்ணுக்கு மேலேயே இழுத்துவிடுவான். தம்பி டியூப் என்றால் கோடு மேலே என்று நாங்கள் பழகியிருந்தோம். அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. எட்டு மாதம் முன்பு ஒரு காலையில், நொட்டாங்கைக்கு ஒரு சட்டம், உலகத்துக்கு ஒரு சட்டமா என்று கேட்டுக்கொண்டே தம்பியின் இடக்கையை ஃப்ரீசர் விளிம்பில் வைத்து அழுத்தி, கனத்த மூடியை இறக்கினான். இரண்டு விரல் நசுங்கியது. அத்தோடு விடவில்லை. எல்லா மூடியையும் துடைத்துத் திருத்தி எழுதிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்று கதவைப் பூட்டிவிட்டுப் போனான். மத்தியானம் நான் வந்து பூட்டை உடைத்தேன். அன்றைக்குப் போன தம்பி பிறகு இந்தக் கட்டடத்துக்குள் வரவில்லை.

அண்ணன் டியூப்பை விரலில் உருட்டினான்.

"மாத்தி வச்சிட்டுப் போயிருக்கான்" என்றான். "அன்னைக்கே உள்ளிருக்கிறதை மாத்தி வச்சிட்டுத்தான் போயிருக்கான்."

சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடி பார்த்தான். அவன் உதடு வெளுத்தது. கோபம் வந்தால் அண்ணன் சிவப்பான். வெளுத்து நான் பார்த்ததில்லை. கடிகாரத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அப்போதுதான் தம்பி உள்ளே வந்தான்.

*

எட்டு மாதம் கழித்து வருகிறவன், வாசலில் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வந்தான். மருத்துவமனை நாற்காலியில் தூங்கிய சட்டை. இடக்கையில் கோணலாகச் சேர்ந்த இரண்டு விரல்களை வலக்கை மூடிப் பிடித்திருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு. பிள்ளைச் சிரிப்பு.

"அண்ணே, காலையில ஆஸ்பத்திரிக்கு வந்தியாமே. நர்ஸ் சொன்னாங்க. உன் கையாலயே பாட்டில் கொண்டு வந்து..."

அதற்கு மேல் அவன் சொன்னது என் காதில் விழவில்லை. அண்ணனின் முஷ்டி அவன் வாயில் விழுந்திருந்தது.

தம்பி பின்னால் சாய்ந்து டேங்கின் காலில் மோதினான். எழப் பார்த்தான். அண்ணன் சட்டையோடு அள்ளி எஃகு மேசையில் முகத்தைப் பதித்தான். ஒரு தடவை. இரண்டு தடவை. மேசையிலிருந்த தட்டு கீழே விழுந்து உருண்டது. ஆட்டு ரத்தக் கூழ் உடைந்து ஈரத் தரையில் சிதற, தம்பி ரத்தம் அதோடு கலந்து ஓடியது. தம்பியின் ஃபோன் பையிலிருந்து தெறித்து விழ, அண்ணனின் பூட்ஸ் அதன்மேல் ஏறியது.

"பச்சைக் குழந்தையோட உயிர்ல விளையாடுவியாடா" என்று கேட்டுக்கொண்டே அடித்தான். சத்தமாகக் கேட்கவில்லை. கணக்குக் கேட்கிற குரல். "உன் பொண்ணுடா. உன் பொண்ணு."

என் மண்டைக்குள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. காலையில் மருத்துவமனை. பாட்டில். கடிகாரம். குழந்தைக்குப் பத்து மணிக்குப் பால்.

நான் சொல்லும்வரை காத்திருக்க அவனால் முடியவில்லை. தம்பி மகளைப் பார்க்க ஒன்பது நாளாக அவனுக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. வெறுங்கையோடு போக மனசு வரவில்லை. விடிந்ததும் பாட்டிலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். தன் வாழ்நாளில் யாரும் கேட்காமல் அண்ணன் செய்த ஒரே நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

தம்பி தரையில் கிடந்தான். அண்ணன் அவன் மார்பில் முழங்காலை ஊன்றி, இடக்கையைப் பிடித்து, கோணலான விரல்களைப் பின்னால் மடக்கினான். பழைய முறிவு மறுபடி முறியும் சத்தம் ஒரு குச்சி ஒடிகிற மாதிரிதான் இருந்தது. தம்பி கத்தவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

சரி, விடு என்று என் வாய் ஆரம்பித்தது. கை வேறு வேலை செய்தது. தரையில் கிடந்த இரும்புக் கவ்வியை எடுத்து அண்ணனின் காதுக்குப் பின்னால் இறக்கினேன்.

அவன் பக்கவாட்டில் சரிந்து உட்கார்ந்தான். காதுக்குப் பின்னாலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இல்லை. ஊமை பேசிவிட்டாளே என்கிற திகைப்பு இருந்தது.

மூன்று பேரும் மூச்சு வாங்கினோம். டேங்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. இந்த வீட்டில் எல்லா மௌனமும் எனக்குப் பழக்கம். இது பழக்கமில்லாதது.

தம்பி ஒரு பல்லைத் துப்பினான். "நான் எதையும் மாத்தி வைக்கல" என்றான். "மூடியைத் திருத்தி எழுதச் சொன்னே. ஒடிஞ்ச கையோட எழுதினேன். அறுபது வரைக்கும்தான் முடிஞ்சுது. அதுக்கு மேல எல்லாம் என் பழைய கோடு. கோடு மேலே."

அண்ணன் தன் கையிலிருந்த டியூப்பை மெதுவாகத் திருப்பினான். கோடு மேலே வந்தது. எண்பத்தொன்பது.

"இதை எனக்கு யாரு சொல்லியிருக்கணும்" என்றான் அண்ணன். கேள்வியாகக் கேட்கவில்லை.

"அக்காகிட்ட அன்னைக்கே சொன்னேன்."

சொன்னான். எட்டு மாதம் முன்பு, காரின் பின் இருக்கையில், ரத்தத் துணியில் சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு. அக்கா, அறுபது வரைக்கும்தான் மாத்தினேன், அண்ணன்கிட்ட சொல்லிடு. போய்ச் சொன்னால் அண்ணன் மறுபடி இவனைத் தேடிப் போவான் என்று எனக்குத் தோன்றியது. நாமே ஒருநாள் திருத்திவிடலாம் என்று தோன்றியது. சரி, விடு என்றேன். பிறகு தையல், மாத்திரை, வீடு. நான் அதை மறந்தேன். மறந்தேனா, வைத்துவிட்டேனா, இன்றுவரை எனக்கே தெரியாது.

அண்ணன் என்னைப் பார்த்தான். இரும்புக் கவ்வி இன்னும் என் கையில்தான் இருந்தது. அதைவிடக் கனமாக எதையோ நான் அவன்மேல் எட்டு மாதம் முன்பே எறிந்திருக்கிறேன்.

தம்பி மேசைக் காலைப் பிடித்து எழுந்தான். அண்ணனிடம் குனிந்து, கிட்டத்தட்ட அன்பாகச் சொன்னான்:

"எண்பத்தொன்பதுக்கு நான் என்ன பேர் வச்சிருக்கேன் தெரியுமா? அண்ணன். எல்லாத்துலயும் முதல், கடைசியில ரத்தத்தை உடைச்சிடும். இப்ப பாட்டில்ல இருக்கிறது யாருன்னா, நீதாண்ணே."

மணி ஒன்பது இருபத்தைந்து.

*

அண்ணன்தான் காரை ஓட்டினான். காலர் முழுக்க ரத்தம். தம்பி பின்னால், அதே இருக்கையில், அதே கையை மடியில் வைத்துக்கொண்டு. நான் வார்டு நம்பரையும் தம்பி மனைவி நம்பரையும் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருந்தேன். அடித்தது. யாரும் எடுக்கவில்லை. வார்டுக்குள் போகிறவர்கள் ஃபோனை வெளியே பெட்டியில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். தம்பி மனைவியின் ஃபோன் அந்தப் பெட்டிக்குள் கத்திக்கொண்டிருந்திருக்கும்.

எத்தனை சொட்டு கொடுப்பார்கள் என்று தம்பி கேட்டான். பாலில் ஐந்து சொட்டு என்றேன். பெரியவர்கள் வயிற்றில் அது ஒன்றும் செய்யாமல் போகலாம். ஆயிரத்து நூறு கிராமில் குடல் சுவர் என்பது ஈரக் காகிதம். அதைத் தாண்டி ரத்தத்துக்குள் போய்விட்டால் என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டேன். தட்டில் பார்த்ததை அவனும் தரையில் பார்த்திருந்தான்.

குறுகிய சந்து ஒன்றில் ஒரு வண்டி அட்டைப்பெட்டி இறக்கிக்கொண்டிருந்தது. அண்ணன் ஹாரன் அடித்துப் பார்த்தான். இறங்கினான். இரண்டு பெட்டிகளைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். இறக்கிக்கொண்டிருந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அண்ணனின் சட்டையைப் பார்த்துவிட்டுத் தானாகவே வண்டியை நகர்த்தினார். மருத்துவமனை வாசலில் தடுப்புக் கம்பு இறங்கியிருந்தது. அண்ணன் பிரேக்கைத் தொடவில்லை. கம்பு முறிந்து கண்ணாடியில் விழுந்து, கண்ணாடி முழுக்க வலை பின்னியது. அந்த வலைக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினான்.

வழி முழுக்க அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன். பாவம் என்றுகூட நினைத்தேன்.

வார்டுக் கதவருகே காவலாளி அண்ணனின் நெஞ்சில் கைவைத்தார். அண்ணன் அந்தக் கையைப் பிடித்துத் திருகி அவரைச் சுவரோடு வைத்தான். தம்பி இருவரையும் தாண்டி ஓடிக் கதவைத் தள்ளினான். உள்ளே கடிகாரத்தில் பத்து மூன்று.

தம்பி மனைவி இன்குபேட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் காலி பாட்டில்.

தம்பி அப்படியே மண்டியிட்டான். அவனுடைய வாயையும் கையையும் பார்த்தாள். பிறகு கதவில் நின்ற அண்ணனைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு தசை அசையவில்லை.

"குடிச்சுட்டாளா?" என்று நான்தான் கேட்டேன்.

"இல்ல அண்ணி. தொட்டியில கொட்டிட்டேன்."

பாட்டிலை என்னிடம் நீட்டினாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள், குழந்தை தூங்குவதால்.

"உங்க அண்ணன் கொண்டு வந்ததுன்னு நர்ஸ் சந்தோஷமா சொன்னாங்க. இவர் விரலை நசுக்கின கை. அந்தக் கையால வந்ததை என் பொண்ணு வாயில விட நான் என்ன பைத்தியமா?"

அண்ணன் கதவு நிலையில் நெற்றியை வைத்துக்கொண்டான். தம்பி தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தான். அழுகையாகவும் இருக்கலாம், உடைந்த வாயில் இரண்டும் ஒன்றுதான். கண்ணாடிக்குள்ளே அவள், என் உள்ளங்கை அகலம்கூட இல்லாத நெஞ்சு ஏறி இறங்க, தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு மனிதனின் மேல் இருந்த வெறுப்பு ஒரு குழந்தையைக் காப்பாற்றியிருக்கிறது. என்னுடைய பொறுமை கொன்றிருக்கும். இதை எந்தத் தட்டில் போட்டுப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நர்ஸ் வந்தார். எங்கள் கோலத்தைப் பார்த்து நின்றார். பாட்டில் எப்படிக் காலியானது என்று கேட்டார். தம்பி மனைவி சொன்னாள். நர்ஸுக்கு வருத்தம்தான்.

"நல்ல மருந்தை இப்படிக் கொட்டிட்டீங்களேம்மா. இன்னொரு குழந்தைக்கு எட்டு மணிக்கே கொடுத்தாச்சு. சமர்த்தா குடிச்சுது."

"எது?" என்றேன்.

"ரெண்டு பாட்டில் கொடுத்துட்டுப் போனாரே, உங்க அண்ணன்."

நான் திரும்பினேன். அண்ணன் நிலையிலிருந்து நெற்றியை எடுக்கவில்லை. அவனுக்குத் தெரியும். தம்பி முகத்தில் முதல் அடி விழுந்தபோதே தெரியும். கார் முழுக்க அவன் தூக்கிக்கொண்டு வந்த மௌனம் அதுதான். அதைப் பாவம் என்று நினைத்தேன் நான்.

கதவுக்கு வெளியே, நடைபாதை பெஞ்சில், இருபது வயது சொல்லத்தக்க ஒரு பெண் தலையில் கட்டிய துண்டோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு புன்னகைத்தாள். காலையில் அவளிடமும் ஏதோ ஆறுதலாகப் பேசியிருப்பான்.

நான் நர்ஸிடம் பேச வாயைத் திறந்தேன். அண்ணனின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"சரி, விடு" என்றான். என் குரலிலேயே, என் இழுவையோடு, மெதுவாக. "ஒண்ணும் ஆகாது. விடு."

பிடி இறுகியது. டேங்க் மூடியைத் தனியாளாக இறுக்குகிற கை அது.

"எட்டு மணிக்குக் கொடுத்தது தப்பான கிருமி" என்றேன் நர்ஸிடம். "ரத்தத்தை உடைக்கிறது. தப்பு எங்களோடது. டாக்டரைக் கூப்பிடுங்க, இப்பவே."

என் மணிக்கட்டுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று முறிந்தது. நான் நிறுத்தவில்லை. எண்ணைச் சொன்னேன், எத்தனை சொட்டு என்று சொன்னேன், எந்த மருந்துக்கு அது சாகும், எதற்குச் சாகாது என்று நோட்டில் இருந்ததையெல்லாம் சொன்னேன். நர்ஸ் ஓடினார்.

பெஞ்சிலிருந்த பெண் எழுந்து கதவருகே வந்தாள். புன்னகை இன்னும் முழுதாகப் போகவில்லை.

"எந்தக் குழந்தைக்கு?" என்று கேட்டாள்.